நாய்க்குட்டிகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சல்

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், தாராபுரம் பகுதி விவசாயிகள் ஆட்டுப்பட்டிக் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கம். புதிதாக வாங்கி வந்த குட்டி சில நாட்களிலேயே திடீரெனச் சுருண்டு படுத்துவிடுவதுண்டு. பெரும்பாலும் 'பார்வோ' என்னும் நச்சுயிரியே இதற்குக் காரணம். 1978-ல் கண்டறியப்பட்ட இந்நோய், 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ள குட்டிகளையே அதிகம் தாக்குகிறது.

அறிகுறிகள்: குட்டி தீனி எடுக்காது, சோர்ந்து கிடக்கும், அடிக்கடி வாந்தி எடுக்கும். பின்னர் துர்நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழியும். உடலில் நீர் வற்றி, 2, 3 நாட்களில் இறந்துவிடக்கூடும்.

சிகிச்சை: கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. வாந்தி எடுக்கும் குட்டிக்குப் பாலையோ மனிதருக்கான மாத்திரையையோ புகட்டக் கூடாது. அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். காலத்தில் சலைன் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

தடுப்பு: 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பிறகு 16 வாரம் முடியும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறையும், ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறையும் போட வேண்டும். நோயுற்ற குட்டி கிடந்த மண்ணில் இக்கிருமி பல மாதங்கள் அழியாமல் இருக்கும். சிமெண்ட் தரையைச் சுத்தம் செய்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும். தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அங்கே கட்டக் கூடாது. ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் இது பரவாது.