களை பறிக்கிறவனும் களைக்கு நீர் பாய்ச்சுகிறவனும்

அன்புக்கொடி மக்களில் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "பதிக்கு வருகிறேன், திருநாமம் தரிக்கிறேன், உகப்படிப்பு படிக்கிறேன். ஆனாலும் விட நினைத்த குற்றம் திரும்பத் திரும்ப வருகிறதே, நான் அய்யாவின் பிள்ளைதானா?" இந்தக் கேள்வியால் மனம் சோர்ந்து, தாங்கல் வாசல் மிதிக்காமல் போனவர்களும் உண்டு.

பாவம் மனதில் முளைப்பது ஒன்று, அதை வளர்ப்பது வேறொன்று. வயலில் கோரை முளைக்கும். இன்று பறித்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து மறுபடியும் தலைகாட்டும். மறுபடியும் குனிந்து பறிக்கிறவனை யாரும் கெட்ட விவசாயி என்று சொல்வதில்லை. கோரைக்கு வரப்புக் கட்டி நீர் பாய்ச்சுகிறவனைத்தான் ஊர் பார்த்துச் சிரிக்கும்.

அகிலத்திரட்டு அம்மானை இதை யுக வரலாறாகவே காட்டுகிறது. திருமால் குறோணியை ஆறு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறந்தது. ஒவ்வொரு பிறப்பின் முடிவிலும், முன்பு நீ யார், ஏன் அழிந்தாய் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. திருந்தி வணங்க அதுவே நல்ல நேரம். ஆனால் இரணியனோ நகங்களின் பலத்தால்தான் தன்னைக் கொல்ல முடிந்தது என்று வீம்பு பேசினான். அடுத்த யுகத்தில் பத்துத் தலை ராவணனாகப் பிறந்தான். அவனும் பணியவில்லை, தம்பியின் துணையால்தான் தன்னை வெல்ல முடிந்தது என்றான். அதற்கடுத்த யுகத்தில் 99 தம்பிமாரோடு துரியோதனனாகப் பிறந்தான். தோற்றபோதெல்லாம் அவன் தோல்விக்குச் சாக்குச் சொன்னானே தவிர, குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சாக்கும் அடுத்த பிறப்பில் தலையாகவும் தம்பியாகவும் பெருகி வந்தது. கலியுகத்திலோ எதிரி வெளியே நிற்கவில்லை. மாயையாக மனதுக்குள்ளேயே குடியிருக்கிறான். ஆகவே சாக்குச் சொல்லும் வாய்தான் இன்றைக்கு அவனுடைய கோட்டை.

இரண்டு பேரை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆனவர். ஒரு கல்யாண வீட்டில் கூட்டாளிகள் வற்புறுத்த, தவறிவிட்டார். மறுநாள் விடியுமுன் முத்திரிக் கிணற்றில் குளித்துவிட்டு, உள்ளே போகக் கூசி வெளியே நிற்கிறார். இன்னொருவர் குடித்தே அறியாதவர், பணிவிடையில் முன்னால் நிற்பவர். ஆனால் ஏழை வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்து, வட்டிக்கு மேல் வட்டி வாங்குகிறார். கேட்டால் "தொழில்" என்கிறார். அந்த வட்டியில் ஒரு பங்கு அன்னதர்மத்துக்கும் வருகிறது. ஊர் முன்னவரைப் பழிக்கும், பின்னவரைப் புகழும். முன்னவர் விழுந்த இடத்தில் எழ முயல்கிறார். பின்னவர் விழுந்த இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்.

ஆனால் முன்னவரும் ஏமாறக் கூடாது. அழுதால் மட்டும் போராட்டம் ஆகாது. குடிக்கும் கூட்டாளியோடு உட்காருவதை விட்டாரா? கூலியை வீட்டில் கொடுக்கிறாரா? அடி வாங்கிய மனைவியிடமும் பயந்த பிள்ளைகளிடமும் தன் வாயால் குற்றத்தைச் சொன்னாரா? இவை இல்லாமல், "போராடிப் பார்த்தேன், முடியவில்லை" என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வது பாவத்துக்குப் பாடும் தாலாட்டு.

உகப்படிப்பில் அறியாமல் செய்த பிழையோடு அறிந்து செய்த பிழையையும் பொறுக்க வேண்டும் என்று அன்பர்கள் கேட்கிறார்கள். அறிந்தே பிழைப்பவர்கள் பிள்ளைகள் என்பது அய்யாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் அந்த வேண்டுதலை வைத்தார். ஆனால் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதே பிழைக்கு மாலை நேரம் குறித்து வைத்திருப்பவர் கேட்பது மன்னிப்பு அல்ல, அனுமதி.

வாகைப்பதியில் 700 குடும்பத்தார் துவையல் தவசு இருந்தார்கள். தினமும் மூன்று வேளை குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள். காலையில் துவைத்த துணி மாலைக்குள் அழுக்காகும் என்பது அவர்களுக்குத் தெரியும். எப்படியும் அழுக்காகும் என்று யாரும் துவைக்காமல் இருக்கவில்லை. அழுக்கோடு சமாதானம் ஆகாமல் இருந்ததுதான் அந்தத் தவசு.

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது ஒவ்வொருவரும் தம்மையே மூன்று கேள்வி கேட்கலாம். இந்தக் குற்றம் வெளியே தெரிந்தால் வருத்தமா, செய்ததற்கே வருத்தமா? அது வரும் வழியை அடைத்தேனா, ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறேனா? என்னால் நஷ்டப்பட்டவருக்குத் திருப்பிக் கொடுத்தேனா? பதில் கசப்பாக இருந்தாலும் கண்ணாடியை விட்டு ஓட வேண்டாம். முகத்தில் கரி இருப்பதைக் காட்டிய கண்ணாடி, அங்கே நெற்றியில் திருநாமம் இருப்பதையும் காட்டுகிறது.

ஆகவே விழுந்தவர் பதிக்கு வரட்டும், விழுந்த அன்றைக்கே வரட்டும். வட்டிக்காரர் அன்னதர்மத்துக்குப் பணம் கொண்டுவருமுன் அந்தப் பத்திரத்தை உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும். வாசலில் கூசி நிற்பவரை உள்ளே கைபிடித்துக் கூட்டி வருவது, ஏற்கெனவே உள்ளே நிற்பவர்களின் பணிவிடை.

அய்யா உண்டு.