கச்சான் பக்கமா, வாடைப் பக்கமா?

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடித் திட்டின் கோடியான அரிச்சல்முனைக்கு ஏறினால் ஆட்டோக்காரர் வழியில் கட்டாயம் சொல்வார்: "இடது கைப் பக்கம் பெண்கடல் சார், அலையே இருக்காது. வலது பக்கம் ஆண்கடல்." கேட்க நன்றாக இருக்கும். கேமராவோடு வருகிறவர் அதை அப்படியே நம்பினால் ஏமாறுவார். ஆனி, ஆடியில் அது சரி. கார்த்திகையில் வந்து பாருங்கள்: பெண்கடல்தான் கரையைப் போட்டு அறையும், ஆண்கடல் கண்மாய் மாதிரிக் கிடக்கும்.

காரணம் காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிறது. தெற்கே ஆண்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்க, மணல்திட்டின் மறைவில் பெண்கடலான பாக் நீரிணை அமைதியாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ். ஆகவே இங்கே படமெடுக்க வருகிறவர் முதலில் முடிவு செய்யவேண்டியது லென்ஸை அல்ல, மாதத்தை.

சூரியனையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடித் திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. அதனால் எந்த மாதமானாலும் விடியல் வடகடல் பக்கம், அந்தி தென்கடல் பக்கம். ஜூனில் சூரியன் வடகிழக்கே ஒதுங்கி, அமைதியான பாக் நீரிணைக்கு மேல் 6 மணிக்குச் சற்று முன் எழும். வானத்தின் நிறம் முழுக்கத் தண்ணீரில் விழும். அகலக்கோண லென்ஸும் முக்காலியும் போதும். அதே நாள் மாலை தென்கரைக்கு வந்தால் வேறு உலகம். கரையோரமாகவே சாய்ந்து வரும் வெயில் அலைத் தூவானத்துக்குள் பின்னாலிருந்து புகும். அதற்கு 200 மி.மீ.க்குக் குறையாத லென்ஸும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஷட்டரும் வேண்டும். டிசம்பரில் இரண்டும் இடம் மாறும்: காலையில் வடகரையில் நுரை, மாலையில் தென்கரையில் கண்ணாடி.

எது நல்லது என்று கேட்டால், நான் டிசம்பரைத்தான் சொல்வேன். கச்சான் காலத்தில் காற்றோடு மணலும் பறக்கிறது. ஒரு ஆடி மாதம் அரிச்சல்முனையில் நின்று லென்ஸ் மாற்றினேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. அன்று முதல் அந்த ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் அம்மியில் அரைக்கிற சத்தம். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கச்சான் ஓஞ்சப்புறம் வந்திருக்கலாம்ல தம்பி." ஆடியில்தான் வரமுடியும் என்றால் தங்கும் அறையிலேயே ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், திரும்பும்வரை கழற்றாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாட்களையும் தவிர்ப்பது நல்லது. அன்று கூட்டத்தில் ராமேஸ்வரத்தைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும்.

விடியலுக்கு இங்கே ஆயுள் குறைவு. ஒன்பது டிகிரி அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. எழுந்த அரை மணியிலேயே பொன்னிறம் போய், முக்கால் மணியில் மணல் வெள்ளையாகிவிடும். ஐரோப்பியர் எழுதிய புத்தகங்களில் வரும் நீண்ட பொன்வேளையை நம்பிக் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்துவிடாதீர்கள். சித்திரைப் பிறப்பையொட்டி, ஏப்ரல் 14 வாக்கில், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அந்த உச்சி வெயிலுக்கும் ஒரு வேலை உண்டு. பாம்பன் பக்கத்து ஆழமில்லாத கடலின் பச்சையும் நீலமும் அப்போதுதான் அடிவரை தெரியும். போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் மேலே மினுங்கும் வெளிச்சம் விலகி, பாசிப் படுகை திட்டுத்திட்டாக எழும்பி வரும்.

பூநாரைக்கு இந்தக் கணக்கெல்லாம் போதாது. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. குளிர்காலத்தில் சாலையோர உப்பங்கழித் தண்ணீரில் அவை கூட்டமாக மேயும். இங்கே எதிரி கானல். ஒன்பது மணிக்குள் மணல் சூடேறி, தூரத்துப் பறவை லென்ஸில் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய 600 மி.மீ. லென்ஸானாலும் அதைச் சரிசெய்யாது. கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி உள்ளேயே இருங்கள், ஜன்னலில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாயுங்கள். பறவைக்குத் தெளிந்த வானத்தைவிட மெல்லிய மேகமூட்டமே மேல். வெயிலில் உடம்பின் வெள்ளை வெளுத்துப்போய் இறகின் இளஞ்சிவப்பும் அதோடு போய்விடுகிறது. மேகத்தின் கீழ் இரண்டும் நிற்கும். கொஞ்சம் குறைத்து, மைனஸ் முக்கால் ஸ்டாப் அளவில் எடுத்துப் பாருங்கள்.

மழை வலுத்துக் கடற்கரை கைவிட்டால் உள்ளே வாருங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கண்மாய்களில் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும். காலையென்றால் கிழக்குக் கரையில் நில்லுங்கள், மாலையென்றால் மேற்குக் கரையில். வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். மழை பொய்த்த வருஷம் கண்மாயில் தண்ணீர் இருக்காது, பறவையும் வராது. போவதற்கு முன் ஊரில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டிரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிரே இலங்கை. மாலையில் தனுஷ்கோடியிலிருந்து போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பும். போகும்போதே செக்போஸ்டில் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்திக்கு அங்கே நிற்க முடியாத நாளில் திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரைக்குப் போகலாம். குளிர்காலத்தில் அங்கே வெயில் கரையோரமாகவே சாயும்.

அறைக்குத் திரும்பியதும் ஏசியைப் போட்டுக் கேமராவை மேசைமேல் வைத்துவிடுகிறோம். மறுநாள் விடியலில் வெளியே எடுத்த நிமிஷம் லென்ஸ் முழுக்க ஆவி படர்ந்து, நல்ல வெளிச்சம் இருக்கிற இருபது நிமிஷமும் துடைப்பதிலேயே போகும். பையோடு ஏசி இல்லாத மூலையில் வையுங்கள். முக்காலியின் கால்களைக் கழுவ மறக்காதீர்கள். மூட்டுக்குள் உப்பு உட்கார்ந்தால் மறுமுறை திறக்காது. லாட்ஜ் குழாயை நம்பவேண்டாம், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். கேன் தண்ணீரில் கழுவுங்கள்.