அருங்குறிகளைக் கண்டறிதலும் தட்டச்சிடுதலும்

நெசவாளரின் கூலியாயினும், குடியானவரின் விளைபொருளுக்குரிய விலையாயினும், ஏட்டில் எழுதப்பெற்ற பின்னரே கைக்கு வந்து சேர்கிறது. ஆதலின் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு புள்ளி பிழைத்தாலும் அஃது ஒருவருடைய உழைப்பைப் பாதிக்கும். முன்னாளில் கணக்கர் கையால் எழுதினார். அரை என்றால் அரைக்குறியும், வெப்பப் பாகை என்றால் எண்ணின் தலையில் சிறு வட்டமும் இடுவது அவருக்கு எளிதாயிருந்தது. இன்று அறிக்கைகளும் விலைப்பட்டியல்களும் கணினியின் சொற்செயலியில் தட்டச்சாகின்றன. விசைப்பலகையிலோ எல்லாக் குறிகளும் இல்லை. இல்லாத குறிக்கு ஈடாக, பார்வைக்கு ஒத்த வேறொன்றை இட்டுவிடும் வழக்கம் இதனால் தோன்றியுள்ளது. அவ்வழக்கத்தின் தீங்கையும், அதனை நீக்கும் வழியையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தீங்கு யாது?

சாயத் தொட்டியின் வெப்பம் 60° இருத்தல் வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். பாகைக்குறி கிடைக்காமையால், தட்டச்சாளர் ஒரு சுழியைச் சிறிதாக்கி மேலே ஏற்றி வைக்கிறார். தாளில் அது நன்றாகவே தோன்றும். ஆனால் அவ்வரியைக் கைபேசிச் செய்தியில் நகலெடுத்து அனுப்பினால், மேலேறிய சுழி கீழே இறங்கி 60 என்பது 600 ஆகிவிடும்.

இவ்வாறே 5½ மீட்டர் சேலையைக் குறிக்க, இடைவெளி விடாமல் 51/2 என்று தட்டினால், படிப்பவர் அதனை ஐம்பத்தொன்றில் பாதி என்று கொள்ளக்கூடும். பிழை செய்தவர் ஒருவர். அதன் நட்டத்தை ஏற்பவர் வேறொருவர்.

குறி என்பது எண்

கணினி எழுத்தின் வடிவத்தை நினைவில் வைப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உரிய ஓர் எண்ணையே வைக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் இவ்வாறு எண் வகுத்த பொது ஏற்பாடே ஒருங்குறி, அதாவது யூனிகோடு. வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எண் சரியாயிருந்தால், குறி எந்த ஊருக்குச் சென்றாலும் அதே குறியாக நிற்கும். வடிவம் மட்டும் ஒத்திருந்து எண் வேறானால், இடம் மாறும்போது பொருளும் மாறும்.

விங்டிங்ஸ் போன்ற சித்திர எழுத்துருவில் தட்டிய சரிக்குறி வேறோர் இயந்திரத்தில் பொருளற்ற எழுத்தாகத் தோன்றுவதற்கும், பழைய தமிழ் எழுத்துருக்களில் அமைத்த கடிதங்கள் பிற இடங்களில் குழப்பமாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

தேடி எடுக்கும் முறை

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘இன்சர்ட்’ என்னும் பகுதியைத் திறந்து, ‘சிம்பல்’ என்பதையும், அதனுள் ‘மோர் சிம்பல்ஸ்’ என்பதையும் தெரிவு செய்க. குறிகள் நிறைந்த அட்டவணை தோன்றும். வேண்டியதைத் தேர்ந்து, மீண்டும் ‘இன்சர்ட்’ என்பதை அழுத்துக. அடிக்கடி வேண்டும் குறிக்கு அங்கேயே ஒரு குறுக்குவிசையும் அமைத்துக்கொள்ளலாம்.

விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ‘இன்சர்ட்’ பகுதியில் உள்ள ‘ஸ்பெஷல் கேரக்டர்’ என்பது இதே பணியைச் செய்யும். குறியின் ஆங்கிலப் பெயரைத் தட்டித் தேடும் வசதியும் அதில் உண்டு.

எண்ணால் தட்டும் முறை

நாள்தோறும் வேண்டிய குறிகளை அட்டவணையில் தேடுதல் காலவிரயம். விண்டோஸ் கணினியில் வேர்டு திறந்திருக்கையில், ‘ஆல்ட்’ விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்புற எண்பலகையில் கீழ்க்கண்ட எண்ணைத் தட்டி, பின்னர் ‘ஆல்ட்’ விசையை விடுக. ‘நம் லாக்’ இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். முதலிலுள்ள சுழியையும் தட்டுதல் வேண்டும்.

கால் ¼ : 0188
அரை ½ : 0189
முக்கால் ¾ : 0190
பாகை ° : 0176
பெருக்கல் × : 0215
சதுரம் ² : 0178
ரூபாய் ₹ : 8377

எண்பலகை இல்லாத மடிக்கணினிக்கு வேறு வழி உண்டு. 2713 என்று தட்டி, உடனே ‘ஆல்ட்’ விசையுடன் ஆங்கில ‘எக்ஸ்’ விசையைச் சேர்த்து அழுத்தினால், அவ்வெண் ✓ என்னும் சரிக்குறியாக மாறும். ரூபாய்க் குறிக்கு 2, 0, பி, 9 என்னும் நான்கு விசைகளும், அரைக்கு 0, 0, பி, டி என்னும் நான்கும் உரியவை. இங்கே பி, டி என்பன ஆங்கில எழுத்துகள்.

இவ்வழி திரும்பவும் செல்லும். பிறர் அனுப்பிய தாளில் அறியாத குறி ஒன்றைக் கண்டால், அதன் வலப்புறம் சுட்டியை நிறுத்தி அதே இரு விசைகளையும் அழுத்துக. குறி மறைந்து அதன் எண் தோன்றும். மீண்டும் அழுத்தினால் குறி திரும்பும். ஐயத்திற்குரிய குறியைச் சோதிக்க இதுவே எளிய உரைகல்லாகும்.

பழங்கணக்குக் குறிகள்

சங்கத்தின் பழைய பேரேடுகளிலும், வீட்டிலுள்ள நிலப் பத்திரங்களிலும் காணும் தமிழ்க் குறிகளை இனிக் கணினியில் எழுத இயலாது என்று எண்ணுவோர் பலர். அவ்வாறன்று. அவற்றுள் எட்டுக் குறிகள் 2003-ஆம் ஆண்டில் ஒருங்குறியில் இடம்பெற்றன. முன்சொன்ன ‘ஆல்ட்’ முறையிலேயே அவற்றுக்குரிய எண்கள் பின்வருமாறு.

நாள் ௳ : 3059
மாதம் ௴ : 3060
வருடம் ௵ : 3061
பற்று ௶ : 3062
வரவு ௷ : 3063
மேற்படி ௸ : 3064
ரூபாய் ௹ : 3065
எண் ௺ : 3066

இவற்றுள் ௹ நம் முன்னோர் எழுதிய தமிழ் ரூபாய்க் குறி. ₹ என்பது 2010-ஆம் ஆண்டு சூலையில் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட குறி. அதனை வடிவமைத்த உதயகுமாரும் தமிழரே. இன்றைய பற்றுச்சீட்டுக்கு ₹ போதும். பழைய ஏட்டைப் படியெடுக்கும்போது மட்டும் ௹ என்பதை உள்ளவாறே எழுதுக. முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாய்ப் பின்னங்களின் குறிகளும் 2019-ஆம் ஆண்டில் ஒருங்குறியில் சேர்ந்தன. ஆயினும் அவற்றைக் காட்டும் எழுத்துரு எல்லாக் கணினிகளிலும் இராது.

எச்சரிக்கை மூன்று

முதலாவது: வேர்டு சில சமயம் கேளாமலே உதவி செய்யும். 1/4 என்று தட்டி இடைவெளி விட்டவுடன் அதனை ¼ என்று மாற்றும். துணி அளவுக்கு இது நன்று. புல எண் 1/4 ஆயின் பெருந்தீங்கு. கடன் மனுவில் நிலத்தின் அடையாளமே கெடும். மாறிய உடனே ‘கண்ட்ரோல்’ விசையுடன் ‘இசட்’ விசையை அழுத்தினால் பழைய வடிவம் மீளும்.

இரண்டாவது: எண்ணை அடுத்துக் குறியிடும்போது கவனம் தேவை. 5½ எழுதுவதற்கு, 5-ஐ ஒட்டி 0, 0, பி, டி என்று தட்டினால், ‘எக்ஸ்’ முறையில் கணினி 5-ஐயும் சேர்த்துப் படித்துவிடும். குறிக்குரிய நான்கை மட்டும் தேர்ந்தெடுத்த பின்னரே விசைகளை அழுத்துக.

மூன்றாவது: ௧ என்னும் தமிழ் எண்ணும் க என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும், கணினிக்கு அவை வேறு வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இட்டால், பிற்காலத்தில் தேடும்போது அப்பதிவு அகப்படாது.

குறிகள் உள்ள தாளை வெளியே அனுப்புமுன் வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பார்த்தல் வேண்டும். குறி நின்ற இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தால், அங்கே எழுத்துரு இல்லை என்பது பொருள். அந்நிலையில் பி.டி.எஃப். வடிவில் அனுப்புக. இயலாதபோது ‘ஐந்தரை மீட்டர்’ என்று சொல்லாலேயே எழுதிவிடுக. அதில் குறைவொன்றுமில்லை, உறுப்பினருக்கு ஐயமின்றி விளங்குவதே முதன்மை.

பயிற்சி

1. 5½ மீட்டர், 60°, 12 × 8 ஆகிய மூன்றையும் தட்டி, கைபேசிக்கு அனுப்பி ஒப்பிடுக.

2. உங்கள் சங்கத்தின் விலைப்பட்டியலில் உள்ள பாகைக்குறியும் பெருக்கல்குறியும் உண்மைக் குறிகளா, ஒத்த தோற்றமுடைய எழுத்துகளா என்று ‘எக்ஸ்’ முறையில் சோதிக்க.

3. பழைய பேரேட்டின் ஒரு பக்கத்தை, பற்று, வரவு, மேற்படிக் குறிகளுடன் படியெடுத்துக் காண்க.