கிழட்டுப் பாரையா?

கச்சான் காலத்தில் நிலாவெளிக் கரையில் நின்றால் இந்தக் கதை காதில் விழாமல் போகாது: "அது கிழட்டுப் பாரை. இனி முட்டை போடாது. பிடிச்சால் என்ன நட்டம்?" வாடியிலும் இதே பேச்சு, தூண்டில் சவாரிக்கு வெளிநாட்டாரை ஏற்றிப்போகும் படகிலும் இதே பேச்சு. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மீனுக்கும் ஆடு மாட்டுக்கும் ஒரே கணக்குப் போடுவதால் வரும் பிழை இது. பெண் பாரை வளர்ந்துகொண்டே இருக்கும். வளர வளரச் சினையும் கூடும், அதுவும் எடையை விட வேகமாக. 342 கடல் மீனினங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. 30 கிலோ கொட் மீன் ஒன்று இடும் முட்டைக்கு ஈடுகட்ட, 2 கிலோ மீன்கள் 28 வேண்டுமாம். சந்தேகமென்றால் சினைக்காலத்தில் பெரிய பெண் பாரையின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். இரு பக்கமும் மஞ்சள் சினைப்பை குடலை நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதைக் கண்ட பிறகும் கிழடு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பாரை முதன்முதலில் சினைப்பட ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமும் மூன்றரை வயதும் ஆகவேண்டும். மீற்றர் தாண்டிய மீன் இன்னும் பல வருடத்துச் சேமிப்பு.

 

"புறாமலையில் காவல் இருக்குத்தானே" என்பார்கள். 2003இல் தேசியப் பூங்காவான அந்த இடத்தின் பரப்பு ஐந்து சதுர கிலோமீற்றர்கூட இல்லை. ஹவாயில் பின்தொடரப்பட்ட பாரைகளோ முட்டையிட முழுநிலவை ஒட்டி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் போய்வந்தன. பாரைக்கு எல்லைக்கல் தெரியாது.

"விட்டாலும் செத்துப்போகும்" என்பதும் சரியல்ல. அடையாளம் குத்தி விட்ட பாரைகள் பிறகு உயிரோடு பிடிபட்டிருக்கின்றன. எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டிலைப் போடுங்கள், ஈரக்கையால் பிடியுங்கள், சூடேறிய பலகையில் கிடத்திப் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பாரைக் குஞ்சுகள் வளர்வது களப்பிலும் கண்டல் வேரடியிலும். இறக்கக்கண்டிப் பக்கம் கண்டலை வெட்டி விறகாக்கிவிட்டு, கடலில் பாரை இல்லையென்று புலம்புவதில் நியாயமில்லை. மீற்றருக்கு மேற்பட்ட பாரையைக் கடலுக்கே விடுங்கள். கண்டலில் கத்தி வைக்காதீர்கள்.