ஒரு சைபரின் விலை

பாலிலுள்ள பாக்டீரியங்களை எண்ணுவது எங்ஙனம்? மோரில் நீர் விளாவுவதுபோல், 1 மி.லி. பாலை 9 மி.லி. கிருமியற்ற நீரில் கலக்கிறோம். அக்கலவையிலிருந்து மேலும் மும்முறை இவ்வாறே செய்தால், பால் 10,000 மடங்கு நீர்த்துவிடும். அதில் 0.1 மி.லி.யை அகார்த் தட்டில் பரப்பி வளர்க்கிறோம். ஓர் உயிர் பெருகி ஒரு புள்ளியாகிறது. 30 முதல் 300 புள்ளிகள் உள்ள தட்டே கணக்கிற்கு உகந்தது.

எனக்கு 150 கிடைத்தன. 10,000 ஆல் பெருக்கி, மி.லி.க்கு 15 இலட்சம் என்றெழுதினேன். பரப்பியது 0.1 மி.லி. என்பதை மறந்தேன்! 0.1 ஆல் வகுத்தால் விடை 1½ கோடி. காய்ச்சாத பாலில் 50 இலட்சத்தை மிஞ்சினால் மட்டம் என்பது நம் நாட்டுத் தர அளவு. மட்டமான பாலுக்கு நான் நற்சான்று அளித்திருந்தேன். ஆகவே, பரப்பிய அளவை முதலில் எழுதி வையுங்கள்.