படத்திலிருந்து தேயிலையை வெட்டாதீர்கள்

வால்பாறையில் எடுக்கப்படும் காட்டுயிர்ப் படங்களை மட்டும் பார்க்கிறவர்கள் அந்த ஊரில் தேயிலையே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்கள். காட்டுமாடு நிற்கும், அதன் பின்னால் ஏதோ ஒரு பச்சை மங்கிக் கரைந்திருக்கும். சிங்கவால் குரங்கின் முகம் படம் முழுக்க நிறைந்திருக்கும். அது உட்கார்ந்திருப்பது பலா மரக் கிளையிலா, கேபிள் ஒயரிலா என்று கண்டுபிடிக்க முடியாது. எடுத்தவர் நடுக்காட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு பதுங்கியிருந்தார் போலிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அவர் தார் ரோட்டில், காரை ஓரங்கட்டிவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே எடுத்திருப்பார். பல வருடங்களாக ஆனைமலைப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: பெரிய லென்ஸைக் கொஞ்ச நேரம் பையிலேயே விட்டுவையுங்கள்.

ஏன் அப்படி என்பதற்கு ஊரின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1890-களில் தொடங்கி இங்கிருந்த மழைக்காட்டை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். முன்னோடித் தோட்டக்காரரான கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையில் கவர்க்கல் பக்கம் சிலை இருக்கிறது. இன்றைக்கு மேட்டுநிலம் முழுக்கத் தேயிலை. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். கேரளத்து எல்லைக்கு அந்தப்புறம் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். தேயிலைக்கு நடுவே வெட்டாமல் தப்பிய சோலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் யானைக்கும் காட்டுமாட்டுக்கும் தேயிலையைத் தாண்டுவதைத் தவிர வழியில்லை. ஆகவே இங்கே நிலக்காட்சி தனி, காட்டுயிர் தனி என்று பிரிக்கவே முடியாது. தேயிலையை ஒதுக்கிவிட்டு எடுக்கிற படம் அழகாக இருக்கலாம். வால்பாறைப் படமாக இருக்காது.

தேயிலையோடு சேர்த்து எடுப்பதுதான் கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தை நெருக்கிப் பிடித்தால் லென்ஸ் பாதி வேலையைச் செய்துவிடும். விலங்கு படத்தில் சிறிதாகிவிட்டால் அதன் வெளிக்கோடு மட்டுமே பேச வேண்டியிருக்கிறது. காட்டுமாடு பக்கவாட்டில் நின்று, நான்கு கால்களுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்து, கொம்பு வானத்திலோ வெளிர்பச்சையிலோ தனியாகப் பதிந்தால்தான் அது காட்டுமாடு. தலை ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடிப்பகுதியோடு ஒட்டிவிட்டால் கறுப்பாக ஒரு பாறை கிடப்பதுபோல ஆகிவிடும். அதனால் நான் விலங்கைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, இடத்தை முதலில் பிடித்துவைக்கிறேன். தேயிலை வரிசைகள் வளைந்து இறங்குகிற ஒரு சரிவு, அதன் முடிவில் சோலையின் விளிம்பு, காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற திசை. இவை மூன்றும் அமைந்த இடங்களை முந்தைய நாள் மதியம், படம் எடுக்க லாயக்கில்லாத வெயிலில், சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். மறுநாள் விடிந்ததும் அங்கே போய் நிற்பதோடு சரி. காட்டுமாடுகள் காலையிலும் சாயங்காலமும் தேயிலைக்கு இடையே உள்ள புல்லுக்கு வரும். 70-200 லென்ஸ் போதும். எஃப் 8 வைத்தால் விலங்கும் தெளிவாக இருக்கும், பின்னாலிருக்கிற மலையும் அடையாளம் தெரியும்.

டிரைபாடைவிட எனக்குக் கைகொடுப்பது கார் ஜன்னலில் போட்டுக்கொள்ளும் துணிப்பை. காலிப் பையாகக் கொண்டுபோய், பொள்ளாச்சியில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன். திரும்பும்போது அரிசி சமையலுக்கு ஆகிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் அதிர்வு படத்தில் தெரியும். காரைவிட்டு இறங்காமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: காருக்குப் பழகிப்போன விலங்குகள், இரண்டு காலில் நடந்து வருகிற ஆளைக் கண்டால் நகர்ந்துவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்க்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே எப்போதும் கூட்டம். வரையாட்டைக் கிட்டத்தில் நின்று செல்போனில் எடுத்துவிடலாம், அவ்வளவு பழகிவிட்டன. பழகியதற்குக் காரணம் நாம் போட்ட தின்பண்டம்தான் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இங்கே நான் எடுக்கச் சொல்வது வேறு படம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஆடு தடுப்புச் சுவர்ப் பக்கமோ பாறை விளிம்பிலோ வரும்வரை காத்திருங்கள். அப்போது அதன் பின்னால், எங்கோ கீழே, ஆழியாறு அணையும் சமவெளியும் விரிந்திருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு எவ்வளவு உயரத்தில் கால் ஊன்றி வாழ்கிறது என்பதை அந்த ஒரு கோணம் சொல்லிவிடும். கோடையில் பத்து மணிக்கு மேல் சமவெளி முழுக்கப் புழுதி மூட்டமாகிவிடும். அப்புறம் அணை தெரியாது.

சிங்கவால் குரங்குக்கு வருவோம். புதுத்தோட்டம் பக்கத்துக் கூட்டம் ரோட்டுக்கே வந்துவிடுகிறது. மரக்கூரை அறுந்துபோன இடங்களில் அவை வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காக ரோட்டுக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். குரங்கு அந்தப் பாலத்தில் நடந்துபோவதை எடுத்த படம் ஒன்று, எத்தனையோ முக நெருக்கப் படங்களுக்குச் சமம் என்பேன். கறுப்பு உடம்பு, அதைச் சுற்றி வெளிர்சாம்பல் பிடரி. எக்ஸ்போஷருக்கு இதைவிடத் தொந்தரவான விலங்கு கிடையாது. நிழலான இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், பிடரி வெளுத்துப்போகும். அப்போது முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும். அதே குரங்கு பாலத்தில், வெள்ளை வானத்தின் முன்னால் வந்துவிட்டால் கதை தலைகீழ்: ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டாவிட்டால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். இரண்டும் பத்து விநாடிக்குள் மாறி மாறி நடக்கும் என்பதால், மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்க வீட்டிலேயே பழகிக்கொண்டு வாருங்கள். ரா பைலாக எடுப்பது நல்லது.

பெரிய லென்ஸ் நிஜமாகவே வேண்டியிருப்பது இருவாச்சிக்கு. மலை இருவாச்சி பறந்து வருவதைப் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிடும். இறக்கைச் சத்தம் நிலக்கரி ரயில் மூச்சுவிடுவதுபோல இருக்கும். சத்தம் கேட்டதும் கேமராவைத் தூக்கினால்தான் உண்டு. ஷட்டர் 1/2000-க்குக் குறைந்தால் இறக்கை நுனி கலங்கும். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் வயிறுதான் கிடைக்கும். சரிவில் ரோடு மேலே ஓடி, பள்ளத்திலிருந்து மரங்கள் வளர்ந்து வருகிற இடங்கள் நிறைய உண்டு. அங்கே மரத்தின் உச்சி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். பழுத்த அத்திமரம் ஒன்று அப்படி அமைந்துவிட்டால் அந்த நாள் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம். ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் வழியாக ஆண் ஊட்டுவதை நம்பி மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறது. கீழே ஆள் நின்றால் ஆண் பழத்தோடு சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். உங்களுக்குப் போனது ஒரு படம். உள்ளே இருப்பதற்குப் போனது ஒரு வேளைச் சாப்பாடு. கூட்டின் இடத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

மூடுபனியைப் பார்த்ததும் கேமராவை உள்ளே வைத்துவிடுகிறவர்கள் எனக்குப் புரியாத ஜாதி. எலக்ட்ரிக் கம்பம், தகரக் கூரை, ரிசார்ட் போர்டு எல்லாவற்றையும் பனி துடைத்துவிட்டு மரங்களை மட்டும் வரிசையாக விட்டுவைக்கும். முக்கால் ஸ்டாப் கூட்டி எடுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். மழைவிட்ட தேயிலைக்குப் போலரைசர் பில்டர் அவசியம். ஈர இலைகளின் பளபளப்பை அது எடுத்துவிட்டால்தான் உண்மையான பச்சை வெளியே வரும். தமிழ்நாட்டில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் இங்கேதான் இருக்கிறது என்பதை லென்ஸ் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது. ஊருக்குத் திரும்பியதும் ஈரப்பையை அப்படியே அலமாரியில் போட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். ஒரு நாள் காற்றாட வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். ஈரத்தில் காலில் ஏறும் அட்டைக்கு அட்டைக்காலுறைதான், வேறு வைத்தியம் எதையும் நான் நம்புவதில்லை.

யானை விஷயத்தில் மட்டும் யோசனைக்கு இடமில்லை. வால்பாறையில் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தோட்டத்து மக்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும் தெரிவிக்கிற ஏற்பாடு உண்டு. யானை பக்கத்தில் இருந்தால் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனின் ஆனந்தகுமாருக்கு இந்த வேலைக்காக 2015-இல் விட்லி விருது கிடைத்தது. வேலைமுடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் நடந்து வீடு போகிறவர்களுக்கான விளக்கு அது. அதைப் பார்த்ததும் ‘ஆகா, யானை இருக்கிறது’ என்று கேமராவோடு ஓடுவது அயோக்கியத்தனம். தூரத்திலிருந்து எடுங்கள். ஆட்டிக்கொண்டிருந்த காதை யானை சட்டென்று நிறுத்தினால் உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம், கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு தேயிலைப் பாதைகளில் நடக்கவே வேண்டாம், சிறுத்தை உண்டு. தோட்டத்து உள்ரோடுகள் தனியாருடையவை. ஆபீஸில் கேட்டால் அனுமதி கொடுப்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. வனத்துக்குள் டிரோன் பறக்கவிடக் கூடாது. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். ஆழியாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு சிக்னல் தேடாமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

தேயிலை படத்தில் வந்தால் அதைப் பறிக்கிறவர்களும் வருவார்கள். இப்போது கொழுந்து எடுப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்களும் நிறைய. யானை எந்தப் பக்கம் போனது என்று நமக்குச் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். வேலை நேரத்தில் நிறுத்தி போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். எடை குறைந்தால் கூலியும் குறையும். கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததை, பொள்ளாச்சியில் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, லைன் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற யாரும் அனுப்புவதில்லை என்று அந்த அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும்.