உல்ம் நகரத்துப் பங்குக் கோவில்

தென் ஜேர்மனியில், டானூப் நதிக்கரையில் உள்ள உல்ம் நகரத்து ஆலயத்தைப் படத்திலே காண்போர் அதனைப் பேராலயம் என்றே எண்ணுவர். ஆனால் அங்கு எந்த ஆயரும் வீற்றிருந்ததில்லை. அது பங்கு மக்கள் தங்கள் காசிலே கட்டிய பங்குக் கோவில்.

கதை ஒரு முற்றுகையில் தொடங்குகின்றது. 1376ஆம் ஆண்டிலே பேரரசர் நான்காம் சார்ள்ஸ் நகரை வளைத்தார். பங்குக் கோவிலோ மதிலுக்கு வெளியே இருந்தது. வாயில்கள் அடைபட்டதும் மக்கள் தம் கோவிலுக்கே போக முடியாதவராயினர். மறு ஆண்டு, 1377 யூன் 30இல், மதிலுக்குள் புதிய ஆலயத்துக்கு அத்திவாரக்கல் நாட்டினார்கள். பழைய கோவிலின் செதுக்குக் கற்களையும் பெயர்த்து வந்து சேர்த்தார்கள். நகரத் தலைவரும் அவர் மனைவியும் ஆலயத்தைத் தூக்கிக் கட்டடச் சிற்பியின் முதுகில் ஏற்றுவதாக ஒரு புடைப்புச் சிற்பம் உள்ளே உண்டு. பாவம், அந்த மனிதர் குனிந்தே நிற்கிறார்! நகரின் சனத்தொகை ஏறக்குறைய 10,000. தொடங்கியதோ அதைப்போல் இரு மடங்கினர் நிற்கக்கூடிய ஆலயம். அக்காலத்தில் வாங்குகள் இல்லை. நின்றே பூசை கண்டனர்.

இனிக் கட்டட முறையைச் சற்றுப் பார்ப்போம். அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பெரிதும் பக்கவாட்டில் தள்ளும். கொதிக் முறையின் கூர்வளைவு அதிற் கூடிய பங்கைக் கீழே தூணுக்குள் இறக்கும். ஆகையால் சுவர் மெலியலாம், சாளரம் உயரலாம். எனினும் பக்கத் தள்ளல் முற்றாக ஒழிவதில்லை. அதைத் தாங்குவதற்கு வெளியே சாய்வான கல் உதைகளை வைப்பது வழக்கம். உல்மிலே அவற்றை வைக்கவில்லை. பக்க மண்டபங்களையும் நடு மண்டபத்தின் அகலத்துக்கே கட்டியிருந்தார்கள். போதாததற்கு முகப்பிலே பெருங் கோபுரம் வேறு.

1490களின் தொடக்கத்தில், வழிபாட்டு நேரத்திலே மேலிருந்து கற்கள் விழுந்தன. பொறுப்பாயிருந்த மத்தேயுஸ் பொப்லிங்கர் நகரை விட்டே போக நேர்ந்தது. பின்வந்த புர்க்காட் எங்கல்பேர்க் கோபுரத்தின் அத்திவாரத்தைப் பலப்படுத்தினார். பக்க மண்டபங்களின் நடுவே மெல்லிய தூண்களை நிரையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். மூன்று மண்டபம் ஐந்தாயிற்று. என் கண்ணுக்கு அந்த ஆலயத்தில் மிக அழகியவை அத்தூண்களே. அவை அழகுக்காக வந்தவையல்ல.

அடுத்தது நமக்கு வருத்தம் தரும் பகுதி. 1530இல் நகரத்தார் வாக்களித்துச் சீர்திருத்தச் சபையின் பக்கம் சேர்ந்தனர். மறு ஆண்டு பீடங்களும் சொரூபங்களும் அகற்றப்பட்டன. மூத்த யோர்க் சிர்லின் 1469 முதல் 1474 வரை செதுக்கிய மர ஆசன வரிசை தப்பியது. அதிலே புனிதர்களோடு பித்தகோரஸ், சிசரோ முதலிய புறவினத்து அறிஞரும் இருக்கின்றனர். 1543இல் வேலை நின்றது. கோபுரம் ஏறக்குறைய 100 மீற்றரில் மொட்டையாகவே முந்நூறு ஆண்டு கிடந்தது.

1844இல் லூத்தரன் மக்கள் வேலையை மீண்டும் தொடங்கினர். விடுபட்ட கல் உதைகள் அப்போதுதான் எழுந்தன. 1890இல் கோபுரம் 161.53 மீற்றரில் நிறைவுற்றது. 2025இல் பார்சலோனாவின் திருக்குடும்ப ஆலயம் மேலெழும்வரை உலகில் அதைவிட உயர்ந்த கோவில் இருக்கவில்லை. 1944 டிசெம்பர் 17இல் குண்டுகள் வீழ்ந்து பழைய நகரம் எரிந்தபோதும் ஆலயம் நின்றது.

கோபுரத்தை முடித்தவர்கள் பின்பற்றிய வரைபடம், நகரை விட்டுப் போன அந்தப் பொப்லிங்கர் வரைந்து வைத்ததே.